சுருக்கிய தட்டு மீண்டும் விரியும் விதம்



ராஜபாளையத்துப் பஞ்சாலைகளின் வாசலில் லாரியிலிருந்து பஞ்சுப் பொதிகள் இறங்குவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பொதியின் எடை ஏறத்தாழ 170 கிலோ. ஜின்னிங் ஆலையில் அறை கொள்ளாமல் குவிந்து கிடந்த பஞ்சை அழுத்து எந்திரத்தில் இட்டு நெருக்கி, பட்டை போட்டுக் கட்டியதுதான் அந்தப் பொதி. பஞ்சாலையில் பட்டையை அறுத்துப் புளோ ரூமில் பிரித்துவிட்டால் பழையபடி மலைபோலப் பஞ்சு குவிந்துவிடும். போனது இடைவெளியில் இருந்த காற்று மட்டுமே; இழை ஒன்றும் போகவில்லை.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறார்கள். இதுவும் ஒரு வகைச் சுருக்கமே. ஆனால் பால்கோவாவில் தண்ணீரை ஊற்றி எவ்வளவு கலக்கினாலும் கறந்த பால் திரும்பி வராது. சுவை இருக்கிறது, பழைய பால் இல்லை.

கணிப்பொறியில் செய்திகளைச் சுருக்கும் முறைகளும் இந்த இரண்டு வகையாகவே பிரிகின்றன. புகைப்படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறை பால்கோவா வகை. அதற்கு அடிப்படையான கணிதத்தை 1974-ஆம் ஆண்டு வெளியிட்ட மூவர் நஸீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர். இவர்களுள் நஸீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை விட்டுவிடுவதால் படம் சிறிதாகிறது, விட்டது விட்டதுதான். பொதி வகை அப்படியன்று. அதில் ஒரு பிட்டுகூட மாறாமல் பழைய கோப்பு திரும்பி வரவேண்டும். இந்தக் கட்டுரையில் நாம் காணப்போவது பொதி வகையை. அதற்கு எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் உங்களுக்குப் பிடித்தமானது: விளையாட்டுக் கருவிகளின் தட்டு.

ஒரு மாணவி கொண்டுவந்த சிக்கல்

சென்ற கோடை விடுமுறையில் வத்திராயிருப்பில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மெமரி கார்டையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அண்ணன் கல்லூரியில் படித்த நாளில் பி.எஸ்.பி. எனப்படும் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வைத்திருந்தார். இப்போது அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். கருவியின் பேட்டரி உப்பிப்போய் அது ஓடுவதில்லை. தட்டும் கீறல் விழுந்து கெட்டுவிட்டது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து விளையாடிய கபடி விளையாட்டு ஒன்றின் நகல் மட்டும் கார்டிலும் டிஸ்க்கிலும் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல போட்டா விளையாட்டு திறக்குது சார். ஆனா ஒரு இடம் வந்ததும் அப்படியே நின்னுடுது. இதைப் பழையபடி ஆக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியுமா முடியாதா என்று முதலில் கண்டுபிடிப்போம். உன் அண்ணன் இதைச் சுருக்கும்போது ஏதாவது எழுதி வைத்தாரா?" என்றேன்.

மறுநாள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். அதில் விளையாட்டின் பெயர், மூலக்கோப்பின் அளவு, பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக எட்டு குறிகள் இருந்தன. அந்த எட்டு குறிகள் எவ்வளவு பெரிய உதவி செய்தன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தட்டும் அதன் படிமமும்

பி.எஸ்.பி. கருவி 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அது பயன்படுத்திய தட்டுக்கு யு.எம்.டி. என்று பெயர். விட்டம் 6 செ.மீ.; இரண்டு அடுக்குத் தட்டு ஒன்றில் 1.8 கிகாபைட் செய்தி அடங்கும். நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் இந்தத் தட்டில் இடம் கிடைத்தது. ஹைதராபாத்தில் இயங்கிய கேம்சாஸ்திரா நிறுவனம் உருவாக்கிய 'தேசி அட்டா' 2009-ல் வெளிவந்தது. கபடி, பட்டம் விடுதல் போன்ற நம் தெரு விளையாட்டுகளை அது கருவிக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் அரோனா நிறுவனத்தின் 'அனுமான்: பாய் வாரியர்' பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது.

தட்டில் உள்ள பைட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் ஒரே கோப்பாக எழுதிவைத்தால் அதற்குத் தட்டின் படிமம் என்று பெயர். வழக்கமாக இதனை ஐ.எஸ்.ஓ. கோப்பு என்பர். தட்டு எவ்வளவு பெரிதோ படிமமும் அவ்வளவு பெரிது. அக்காலத்து மெமரி கார்டுகளோ சிறியவை. அதனால்தான் ஐ.எஸ்.ஓ.வைச் சுருக்கிச் சி.எஸ்.ஓ. என்னும் கோப்பாக மாற்றும் வழக்கம் ஏற்பட்டது.

சுருக்கத்தின் இரண்டு சூத்திரங்கள்

சி.எஸ்.ஓ. கோப்புக்குள் இயங்குவது டிஃப்ளேட் என்னும் முறை. ஜிப் கோப்புகளிலும் உள்ளது இதுவே. இதில் இரண்டு சூத்திரங்கள் அடங்கியுள்ளன.

முதல் சூத்திரத்தை 1977-ல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் யாகோப் ஸிவ், ஆப்ரகாம் லெம்பெல் இருவரும் வெளியிட்டனர். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாதே. எங்கே சொன்னாய் என்று மட்டும் காட்டு. இதுதான் அதன் சாரம். ஓர் எடுத்துக்காட்டு:

கல்லும் மண்ணும் கல்லும் மணலும்

இடைவெளிகளையும் ஓர் எழுத்தாக எண்ணினால் இதில் 19 எழுத்துகள். முதல் பத்து எழுத்துகளை, அதாவது 'கல்லும் மண்ணும்' என்பதையும் அடுத்த இடைவெளியையும் அப்படியே எழுதிவிடுவோம். அடுத்து வரும் 'கல்லும்', ஓர் இடைவெளி, 'ம' ஆகிய ஆறு எழுத்துகளும் முன்பே வந்தவை. ஆகவே 'பத்து எழுத்து பின்னால் போ, ஆறு எழுத்தை நகலெடு' என்று பொருள்படும்படி (10, 6) என எழுதினால் போதும். மீதி ண, லு, ம் மூன்றையும் அப்படியே எழுதுகிறோம்.

இதை விரிப்பவர் என்ன செய்கிறார்? வரும் எழுத்தை எழுதுகிறார். எண்கள் வந்தால், தாம் ஏற்கெனவே எழுதியதில் பின்னோக்கிச் சென்று நகலெடுக்கிறார். ஊகத்துக்கு இடமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'பலபலபலபலபல' என்பதை ப, ல, (2, 8) என்று எழுதலாம். பின்னால் இரண்டு எழுத்துகள்தாமே உள்ளன, எட்டை எப்படி நகலெடுப்பது என்று கேட்பீர்கள். ஒவ்வோர் எழுத்தாக நகலெடுத்துப் பாருங்கள். இரண்டை எழுதி முடித்ததும் நகலெடுக்க மேலும் இரண்டு தயாராக இருக்கும்!

இரண்டாம் சூத்திரம் டேவிட் ஹஃப்மன் என்பவருடையது. 1951-ல் அவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மாணவர். இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை தரலாம் என்று அவருடைய ஆசிரியர் ராபர்ட் ஃபானோ கூறினார். அந்தக் கட்டுரைக்காக யோசித்தபோது கிடைத்ததுதான் இம்முறை. 1952-ல் அது அச்சில் வந்தது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி, அரிதாக வரும் எழுத்துக்குப் பெரிய குறி என்பதே அதன் கருத்து.

16 எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியில் அ 10 முறையும், இ 3 முறையும், உ 2 முறையும், எ 1 முறையும் வருவதாகக் கொள்வோம். நான்கு எழுத்துகளுக்கும் சமமாக இரண்டிரண்டு பிட் கொடுத்தால் 32 பிட் வேண்டும். மாறாக அ = 0, இ = 10, உ = 110, எ = 111 என்று கொடுத்தால் 10 + 6 + 6 + 3 = 25 பிட் போதும்.

குறிகளின் நீளம் வெவ்வேறாக இருந்தால் எங்கே வெட்டிப் படிப்பது? 0100110 என்னும் வரிசையை இடமிருந்து படியுங்கள். 0 என்றதும் அ. அடுத்தது 1, அப்படி ஒரு குறி இல்லை. 10 என்றதும் இ. பிறகு 0, அதாவது அ. பிறகு 110, அதாவது உ. எந்தக் குறியும் மற்றொரு குறியின் தொடக்கமாக அமையாதபடி ஹஃப்மன் முறை பார்த்துக்கொள்வதால் குழப்பம் நேர்வதில்லை.

துண்டுகளும் அட்டவணையும்

தட்டு முழுவதையும் ஒரே நீண்ட கயிறாகச் சுருக்கிவிட்டால் ஒரு தொல்லை உண்டு. விளையாட்டு ஓடும்போது கருவி ஒரு கணம் தட்டின் நடுவிலும், மறுகணம் கடைசியிலும் படிக்கும். நடுவில் உள்ளதை அறிய ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விரித்துக்கொண்டு வரமுடியுமா? எனவே சி.எஸ்.ஓ. கோப்பில் தட்டை 2048 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்குகிறார்கள். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்பதற்கு, புத்தகத்தின் முன்னால் பொருளடக்கம் இருப்பதுபோல, ஓர் அட்டவணையும் உண்டு.

கோப்பின் முதல் 24 பைட் அதன் தலைப்பு. மூலப் படிமத்தின் அளவு, ஒரு துண்டின் அளவு ஆகியவை அதில் உள்ளன. படிமம் 1,67,77,21,600 பைட் என்று வைத்துக்கொள்வோம். 2048-ஆல் வகுத்தால் 8,19,200 துண்டுகள். அட்டவணையில் துண்டுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக 8,19,201 பதிவுகள் இருக்கும்; கடைசித் துண்டு எங்கே முடிகிறது என்று காட்டவே அந்தக் கூடுதல் பதிவு. ஒரு பதிவுக்கு 4 பைட். ஆகவே அட்டவணையின் அளவு 32,76,804 பைட். தலைப்பின் 24 பைட்டையும் கூட்டினால், 32,76,828 பைட்டுக்குப் பிறகே விளையாட்டின் செய்தி தொடங்குகிறது.

இனி விரிக்கும் வேலையைப் பாருங்கள். அட்டவணையில் 5000-ஆம் எண் துண்டின் தொடக்கம் 40,00,000 என்றும், 5001-இன் தொடக்கம் 40,00,700 என்றும், 5002-இன் தொடக்கம் 40,02,748 என்றும் இருக்கட்டும். 5000-ஆம் எண் துண்டு 700 பைட்டாகச் சுருங்கியுள்ளது. அந்த 700 பைட்டை எடுத்து விரித்தால் 2048 பைட் கிடைக்கவேண்டும். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால், படிமத்தில் அதற்குரிய இடம் 5000 × 2048 = 1,02,40,000. அங்கே எழுதவேண்டும்.

அடுத்த துண்டைக் கவனியுங்கள். 40,02,748-லிருந்து 40,00,700-ஐக் கழித்தால் சரியாக 2048. அது சுருங்கவே இல்லை! இத்தகைய துண்டின் பதிவில் உள்ள 32 பிட்டுகளில் முதல் பிட்டை 1 என்று வைப்பார்கள். 'இதை விரிக்காதே, அப்படியே எழுது' என்பதற்கு அது அடையாளம். மீதி 31 பிட்டுகளே இடத்தைக் குறிக்கும்.

எல்லாவற்றையும் சுருக்க முடியாதா?

அந்த ஒற்றைப் பிட்டுக்குப் பின்னால் அழகான ஒரு கணித உண்மை இருக்கிறது. மூன்று பிட் கொண்ட செய்திகள் எத்தனை? 000 முதல் 111 வரை எட்டு. அவற்றைவிடச் சிறிய செய்திகள் எத்தனை? இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, ஒன்றுமே இல்லாத வெறும் செய்தி ஒன்று, ஆக ஏழு. எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலி இருந்தால் இருவர் ஒரே நாற்காலியில் உட்கார நேரும். அப்போது விரிப்பவருக்கு யார் எவர் என்று தெரியாது. ஆகவே எல்லாச் செய்திகளையும் இழப்பின்றிச் சுருக்கும் முறை ஒன்று இருக்கவே முடியாது. எவ்வளவு பெரிய செய்திக்கும் இதே கணக்குத்தான்.

திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுருக்கம் கிடைக்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட இசையும் படமும், மறைகுறியாக்கம் செய்யப்பட்ட செய்தியும் பார்வைக்கு ஒழுங்கற்றவை. அவை மேலும் சுருங்குவதில்லை. ஒரு ஜிப் கோப்பை மறுபடி ஜிப் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கணக்கிட்டு மீட்கும் முறை

சில செய்திகளைச் சேமிக்கவே வேண்டாம். தேவையானபோது கணக்கிட்டு வருவித்துக்கொள்ளலாம். முதல் பிளேஸ்டேஷன் கருவி 1994-ல் வந்தது. அது பயன்படுத்தியது சி.டி. தட்டை. சி.டி.யில் ஒவ்வொரு பகுதியும் 2352 பைட். அதில் உண்மையான செய்தி 2048 பைட். பகுதியின் தொடக்கத்தைக் காட்டும் மாறாத அடையாளம் 12 பைட். முகவரியும் துணைத் தலைப்பும் 12 பைட். பிழையைக் கண்டறியும் குறி 4 பைட். பிழையைத் திருத்தும் குறி 276 பைட். கூட்டிப் பாருங்கள், 2352 வரும்.

தட்டில் கீறல் விழுந்தாலும் கருவி படிப்பதற்குக் காரணம் அந்த 276 பைட்டுகளே. ஆனால் அவை 2048 பைட்டுச் செய்தியிலிருந்தும் தலைப்புகளிலிருந்தும் ஒரு சூத்திரப்படி கணக்கிடப்பட்டவை. எனவே கணிப்பொறியில் வைக்கும்போது மாறாத 12, கண்டறியும் 4, திருத்தும் 276, ஆக 292 பைட்டுகளை நீக்கிவிட்டு, விரிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு நிரப்பலாம். 74 நிமிடத் தட்டில், விநாடிக்கு 75 வீதம், 3,33,000 பகுதிகள் உள்ளன. நீக்கக்கூடியது 9,72,36,000 பைட்! நீல் கார்லெட் என்பவர் எழுதிய இ.சி.எம். என்னும் நிரல் செய்வது இதுவே. மேம் திட்டத்தின் சி.எச்.டி. கோப்புகளும் சி.டி. படிமங்களில் இந்த உத்தியைக் கையாள்கின்றன.

இதைவிட வியப்பானது நின்டெண்டோ கேம்கியூப் தட்டு. அதன் கொள்ளளவு 1,45,99,78,240 பைட். விளையாட்டு சிறியதாயின் மீதி இடத்தைப் பயனற்ற எண்களால் நிரப்பியிருப்பார்கள். தாறுமாறாகத் தோன்றும் எண்களாதலால் டிஃப்ளேட் முறை அவற்றிடம் தோற்றுவிடும். முன்பு சிலர் அந்த இடத்தைச் சுழிகளால் நிரப்பிவிட்டுச் சுருக்கினார்கள். கோப்பு மிகச் சிறிதாயிற்று. ஆனால் பழைய எண்கள் போயின. அது பால்கோவா! பிறகு தெரிந்தது என்னவென்றால், அந்த எண்கள் உண்மையில் தாறுமாறானவை அல்ல. ஒரு சூத்திரத்தில் ஒரு தொடக்க எண்ணை இட்டால் வரிசையாகப் பிறப்பவை. 2020-ல் டால்ஃபின் எமுலேட்டரில் சேர்க்கப்பட்ட ஆர்.வி.இஸட். என்னும் கோப்புமுறை அந்தத் தொடக்க எண்ணை மட்டுமே சேமிக்கிறது. விரிக்கும்போது சூத்திரம் மறுபடி ஓடி அத்தனை எண்களையும் தருகிறது. புள்ளியும் விதியும் தெரிந்தால் வாசல் நிறையக் கோலம் போட்டுவிடலாம் அன்றோ!

சரியாக வந்ததா? எப்படி அறிவது?

விரித்த கோப்பு மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க மூலம் கையில் இல்லை. பின் எப்படி? மீதி காணும் கணக்கு இங்கே உதவுகிறது.

582647 என்னும் எண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி 65. இந்த மீதியைத் தனியே குறித்துவையுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மாறி 582447 ஆகிவிட்டால் மீதி 59 வரும், பிழை பிடிபட்டுவிடும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால் எப்போதும் பிடிபடுமா? பிடிபடும். மாற்றத்தின் அளவு 1 முதல் 9 வரையுள்ள ஓர் எண்ணைப் பத்தின் அடுக்கால் பெருக்கியது. 97 ஒரு பகா எண். அது 2-ஐயோ 5-ஐயோ கொண்டதன்று, 9-ஐவிடப் பெரியது. ஆகவே அந்த மாற்றத்தை அது மீதியின்றி வகுக்காது.

கணிப்பொறியில் வழங்கும் சி.ஆர்.சி.-32 முறையும் இத்தகைய மீதிக் கணக்கே. பிட்டுகளுக்கு ஏற்ற வகுத்தல். விடை 32 பிட். அதனை எட்டு குறிகளாக எழுதுவார்கள். மொத்தம் 4,29,49,67,296 விடைகள் உண்டு. கெட்டுப்போன கோப்பு ஒன்று தற்செயலாகச் சரியான விடையைத் தருவது ஏறத்தாழ 429 கோடியில் ஒரு வாய்ப்பு. அந்த அண்ணன் நோட்டில் எழுதிவைத்திருந்த எட்டு குறிகள் இவைதாம்.

சிக்கல் தீர்ந்த கதை

கார்டில் இருந்த நகலையும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த நகலையும் பைட் பைட்டாக ஒப்பிடுமாறு கணிப்பொறிக்குக் கட்டளையிட்டோம். இரண்டும் ஒரே சி.எஸ்.ஓ.வின் நகல்கள், வேறுபாடு இருக்கக்கூடாது. ஆனால் இரண்டு இடங்களில் வேறுபட்டன. அட்டவணை நல்லவேளையாக இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே அந்த இடங்கள் எந்தெந்தத் துண்டுகளைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிப்பது எளிதாயிற்று.

முதல் துண்டு சுருங்கிய துண்டு. கார்டு நகலில் அதை விரித்தபோது பாதியில் பிழை என்று நின்றது. டிஸ்க் நகலில் ஒழுங்காக 2048 பைட் வந்தது. எது நல்லது என்பதில் ஐயமில்லை. விளையாட்டு நின்றுபோனதும் இந்தத் துண்டினால்தான்.

இரண்டாவது துண்டு சோதனையாயிற்று. அது சுருங்காத துண்டு. முதல் பிட் 1. விரிக்கும் வேலையே இல்லாததால் இரண்டு நகல்களும் எந்தப் பிழையும் காட்டவில்லை. எது மெய், எது பொய்?

"ரெண்டையும் போட்டுப் பார்த்தா என்ன சார்?" என்றாள் அவள்.

அதுவே சரியான வழி. முதல் துண்டை டிஸ்க்கிலிருந்தும், இரண்டாவதைக் கார்டிலிருந்தும் எடுத்து ஒரு படிமம் செய்தோம். இரண்டு துண்டுகளையும் டிஸ்க்கிலிருந்தே எடுத்து இன்னொரு படிமம் செய்தோம். இரண்டுக்கும் சி.ஆர்.சி. கணக்கிட்டோம். டிஸ்க் படிமத்தின் விடை நோட்டில் இல்லாத ஏதோ ஒன்று. கார்டு துண்டு சேர்ந்த படிமத்தின் எட்டு குறிகளை அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டும் பொருந்தின.

இரண்டு நகல்களுமே கெட்டவை. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல படிமத்தைத் தந்தன. துண்டு துண்டாகச் சுருக்கியிராவிட்டால் இது இவ்வளவு எளிதாக முடிந்திராது. ஒரே கயிறாக இருந்திருந்தால் கெட்ட இடத்துக்குப் பிறகு வருவதை விரிப்பது மிகக் கடினம். எட்டு குறிகளை எழுதிவைத்திராவிட்டால் கார்டுத் துண்டா டிஸ்க் துண்டா என்பது கடைசிவரை ஊகமாகவே நின்றிருக்கும்.

அன்றிரவு அவள் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, நின்றுபோன இடத்தைத் தாண்டி ஆட்டம் ஓடுவதைச் சொன்னாளாம். "இந்த ஐ.எஸ்.ஓ.வுக்கும் ரெண்டு காப்பி எடுத்து வை" என்பதுதான் அவருடைய பதிலாம்!

நீங்கள் செய்யும்போது நினைவில் கொள்ளவேண்டியவை

1. விரிக்கத் தொடங்குமுன் மூலப் படிமம் முழுவதற்கும் போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஏ.டி.-32 முறையில் அமைந்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. 4.7 கிகாபைட் டி.வி.டி. படிமத்தை அதில் விரித்தால் பாதியில் நின்றுவிடும்.

2. விரித்தபின் அளவைப் பாருங்கள். தலைப்பில் சொன்ன அளவும் கிடைத்த அளவும் ஒரு பைட்டும் மாறாமல் ஒத்திருக்கவேண்டும்.

3. சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். அது பொருந்தும்வரை சுருக்கிய கோப்பை அழிக்காதீர்கள்.

4. நீங்கள் எதைச் சுருக்கினாலும் மூலத்தின் சரிபார்ப்பு எண்ணை முதலில் கணக்கிட்டு, கோப்பு இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் எழுதிவையுங்கள். காகிதம் நல்ல இடம்.

5. விலை கொடுத்து வாங்கிய பிரதி கெட்டுவிடாதபடி பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நகலைப் பிறருக்கு விநியோகிக்க அது இடம் தரவில்லை.

பைத்தான் மொழி அறிந்தவர்கள் விரிக்கும் நிரலைத் தாங்களே எழுதலாம். தலைப்பைப் படிப்பது, அட்டவணையைப் படிப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் முதல் பிட்டைப் பார்த்து விரிப்பது அல்லது அப்படியே எழுதுவது, இவ்வளவே. டிஃப்ளேட் வேலையை ஸீலிப் என்னும் தொகுதி பார்த்துக்கொள்ளும். முப்பது வரிக்குள் முடிந்துவிடும்.

பயிற்சி

1. 'ஆடும் மாடும் ஆடும் வீடும்' என்பதை ஸிவ், லெம்பெல் முறையில் சுருக்குங்கள். உங்கள் நண்பரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள்.

2. மேலே கொடுத்த ஹஃப்மன் குறிகளின்படி 1110100110 என்பதைப் படியுங்கள்.

3. 97-க்குப் பதிலாக 10-ஆல் வகுத்து மீதியைக் குறித்துவைத்தால் எந்தப் பிழைகள் தப்பிவிடும்? ஏன்?

4. 65,53,600 பைட் கொண்ட படிமத்துக்குச் சி.எஸ்.ஓ. அட்டவணையின் அளவு எத்தனை பைட்?

இரண்டாம் கணக்கின் விடை: எ, அ, இ, அ, உ. நான்காவதன் விடை: 3200 துண்டுகள், 3201 பதிவுகள், 12,804 பைட். முதலாவதையும் மூன்றாவதையும் உங்கள் ஆசிரியரிடம் செய்துகாட்டுங்கள். மூன்றாவதற்கு விடை கண்டுவிட்டால், மீதி காண்பதற்கு ஒரு பகா எண்ணைத் தேர்ந்தெடுத்த காரணம் உங்களுக்குத் தெளிவாகிவிடும்.